மா ரீ என்பவரின் அக்கா

போன ஞாயிற்றுக்கிழமை யாங்கோனுக்கு வெளியே மாவ்பியில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். அதிலிருந்து எங்கள் தாகேதா வீட்டுத் தகரக் கூரையை நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. கூரைக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

விஷயம் இதுதான். வெள்ளைக்காரர் காலத்தில் ஒரு துரை மாவ்பி பக்கம் பெரிய நெல் பண்ணை வைத்திருந்தார். பண்ணைக்கு நடுவில் அவருக்கு ஒரு வீடு. துரை போனார்... பண்ணை சர்க்கார் கைக்கு வந்தது... வீடு கொஞ்ச காலம் ஆபீஸ், கொஞ்ச காலம் கோடவுன், அப்புறம் நெடுங்காலம் வௌவால்களுக்கு மட்டும். இப்போது அந்த ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து, பலகை பலகையாகக் கழற்றித் துடைத்து, பழையபடியே நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே ஒரு மியூசியமும் வைத்துவிட்டார்கள். துரை போன பிறகும் அந்தப் பண்ணையில் ரொம்ப நாள் வேலை செய்தவர்கள் நம் ஆட்கள். அதனால் "தமிழர்களும் வந்து பாருங்கள்" என்று எங்கள் கோயிலுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

கோயில் கமிட்டியில் பெருமாள் அண்ணன் இருக்கிறார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். செய்தி வந்த மறுநாளே பஸ் பேசிவிட்டார். தீமிதி அன்று கூட்டத்தை ஒழுங்குபடுத்த வாங்கிய கை மைக் ஒன்று அவரிடம் உண்டு. தீமிதி முடிந்தும் அதை அவர் இறக்கி வைக்கவில்லை. பஸ்ஸுக்குள் பக்கத்து சீட்காரரிடம் பேசவும் அதே மைக்தான்.

"எல்லாரும் சாப்பாடு எடுத்துக்கிட்டீங்களா? தண்ணி எடுத்துக்கிட்டீங்களா? போக வேண்டியவங்க பாத்ரூம் போயிட்டு வந்தாச்சா?"

"யோவ் பெருமாளு! அதையுமா மைக்குல கேப்ப? தெருவே பாக்குது!"

என் பக்கத்து சீட்டிலிருந்து வந்தது அந்தக் குரல். வள்ளியக்கா. எங்கள் வார்டு சந்தையில் தோசைக்கடை போட்டிருப்பவர். வயது அறுபது இருக்கும். தெருவில் சின்னப் பிள்ளையிலிருந்து பல் போனவர் வரை எல்லாருக்கும் அவர் அக்காதான்.

அன்றைக்கு அக்கா புதுத் தமேன் லுங்கி கட்டி, தலையில் பூ வைத்து, கன்னத்தில் தனக்கா மரப்பட்டை அரைத்துப் பளிச்சென்று பூசியிருந்தார்.

"என்னக்கா... மியூசியம் பாக்கப் போறீங்களா, பொண்ணு பாக்கப் போறீங்களா?"

"எங்கம்மாவப் பாக்கப் போறேன் தம்பி."

நான் சிரிப்பை நிறுத்திவிட்டேன்.

அக்கா சொன்னது இவ்வளவுதான். அவருடைய அம்மா அந்தப் பண்ணையில் நெல் தூற்றியவர். அக்கா கைக்குழந்தையாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டார். தாகேதாவில் இருந்த சித்திதான் தூக்கி வந்து வளர்த்தது. வீட்டில் அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை. முகம் ஞாபகமும் இல்லை. போன மாதம் தோசை வாங்க வந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள் — மாவ்பி மியூசியத்தில் ஒரு சுவர் முழுக்கப் பண்ணையாட்களின் போட்டோ மாட்டியிருக்கிறது, கீழே பேரும் எழுதியிருக்கிறது என்று.

"அதுல எங்கம்மாவும் இருப்பாங்கல்ல?"

"இருக்கலாம்க்கா... ஆனா மூஞ்சியே தெரியாதே, எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"அதுக்குத்தான் ஒன் பக்கத்துல எடம் புடிச்சேன். நீ படிச்ச புள்ள. மாரியம்மான்னு எங்க எழுதியிருக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லு. மத்தத நான் பாத்துக்கறேன்."

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் வீட்டுக்கு மட்டுமல்ல, எங்கள் வரிசை வீடுகளுக்கே நான்தான் மூக்குக் கண்ணாடி. மாத்திரை அட்டை, கரண்ட் பில், போனில் வரும் மெசேஜ், கல்யாணப் பத்திரிகை — எது வந்தாலும் "தம்பிகிட்ட குடு" என்பார்கள். சந்தோஷமாகத்தான் படித்துச் சொல்வேன். ஆனால் இதுவரை யாரும் என்னிடம் ஓர் அம்மாவைப் படித்துச் சொல்லக் கேட்டதில்லை.

பஸ் மெயின் ரோட்டை விட்டு இறங்கி, வயல்களுக்கு நடுவே செம்மண் பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போய் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

முதலில் அது வீடு என்றே படவில்லை. வயலில் கரையேறி நிற்கும் கப்பல்!

கீழே செங்கல். மேலே முழுக்கத் தேக்கு. நாலு பக்கமும் சுற்றி வரும் அகலமான வராந்தா. நான் ஒரு தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்தேன் — என் இரண்டு கைகளும் அந்தப் பக்கம் ஒன்றையொன்று தொடவில்லை. பெருமாள் அண்ணன் எதிர்ப்பக்கம் நின்று கை கொடுத்தார். அப்போதுதான் வட்டம் முடிந்தது. ஒரே மரம். எந்தக் காட்டில் வளர்ந்ததோ, எந்த யானை இழுத்ததோ, எந்த ஆற்றில் மிதந்ததோ... வந்து இங்கே நிமிர்ந்து நின்றுவிட்டது. அதைச் சுற்றி ஒரு சாம்ராஜ்யம் வந்து போய்விட்டது. மரம் போகவில்லை.

உள்ளே நுழைந்தால் சில்லென்று இருந்தது. வெளியே மண்டை பிளக்கும் வெயில். உள்ளே ஃபேன் ஓடவில்லை — கரண்ட் இல்லை. (யாங்கோன் வாசகர்களுக்கு இது ஒரு செய்தியா?) ஆனாலும் எங்கிருந்தோ காற்று வந்துகொண்டே இருந்தது. அண்ணாந்து பார்த்தேன். கூரை எங்கேயோ மேலே இருந்தது. சுவருக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு மரச்சட்டம் அடித்திருக்கிறார்கள். சூடு மேலேறி வெளியே போய்விடுகிறது. வீடு மூச்சு விடுகிறது! பட்டன் கிடையாது, பில் கிடையாது.

மரத்துக்கெல்லாம் கச்சா எண்ணெய் பூசியிருந்தார்கள். நம் பழைய மரவீடுகளுக்குப் பூசுவார்களே, கறுப்பாக... அந்த வாசனை. மூக்கில் ஏறினால் நாள் முழுக்க இறங்காது. ஹாலில் ஒரு சுவரை மட்டும் பூசாமல் அப்படியே விட்டிருந்தார்கள். துரை அடித்த வெள்ளை, அதற்கு மேல் ஆபீஸ் அடித்த பச்சை, அதற்கு மேல் யாரோ அடித்த நீலம், எல்லாம் செதில் செதிலாக ஒன்றுக்கு அடியில் ஒன்று தெரிந்தது. சரித்திரப் புத்தகத்தை அத்தனை பக்கமும் ஒரே நேரத்தில் திறந்து வைத்த மாதிரி.

இதெல்லாம் ஆச்சரியம்தான். ஆனால் நான் உண்மையிலேயே வாயடைத்து நின்றது வேறோர் இடத்தில்.

முன்வாசல் படிக்கட்டு வழவழவென்று இருந்தது. துரையும் துரைசானியும் ஏறியது. சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால் இன்னொரு படிக்கட்டு. மாடியில் இருக்கும் நெல்லறைக்கு மூட்டை ஏற்றுவதற்கு. அதுவும் தேக்குதான். ஆனால் ஒவ்வொரு படியும் நடுவில் குழிந்து குழிந்து, அகப்பை மாதிரி ஆகியிருந்தது. இரும்பு போன்ற தேக்கு! அதைத் தேய்த்தது எது? உளி இல்லை, இழைப்புளி இல்லை... வெறுங்கால்.

வீடு முழுக்கச் சீர் செய்தவர்கள் அந்தப் படிகளை மட்டும் தொடவே இல்லை. அந்தப் புண்ணியவான்களுக்கு மனசுக்குள் கும்பிடு போட்டேன். என்னவோ தோன்றியது. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு படியில் கால் வைத்தேன். குழியில் என் பாதம் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது.

"என்ன தம்பி, இது கோயிலா?" என்றார் பின்னாலிருந்து வள்ளியக்கா.

"தெரியலக்கா."

அக்கா ஒரு கணம் படிகளைப் பார்த்தார். அவரும் செருப்பைக் கழற்றினார்.

போட்டோ சுவர் ஹாலுக்கு அடுத்த அறையில். நுழைந்ததும் துரையின் பெயர், மார்பிளில் செதுக்கியது, வாசலுக்கு நேரே. அதைத் தாண்டினால் வேலையாட்கள். மாட்டு வண்டிக்காரர்கள், மூட்டை தூக்கிகள், நாற்று நடுகிறவர்கள், வரிசையாகக் குனிந்த முதுகுகள். பர்மியர்கள், கரேன் இனத்தார், நம் ஆட்கள் எல்லாரும் கலந்து. யாரோ ஒரு சர்க்கார் போட்டோகிராபர் எடுத்ததாம். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் சின்ன அட்டையில் பர்மிய மொழியிலும் ஆங்கிலத்திலும் பெயர்.

"படி தம்பி" என்றார் அக்கா. அவர் குரல் மாறியிருந்தது.

படித்தேன். முதல் வரிசை... இரண்டாவது வரிசை... காத்தான் இருந்தார். வீராசாமி இருந்தார். ஒரு கோ பா, ஒரு உ ச்சித். பெண்களில் ஒரு டோ எய், ஒரு செல்லாயி. சில அட்டைகளில் பெயர் இல்லை. "மூட்டை தூக்குபவர், பெயர் தெரியவில்லை." "மா ரீ என்பவரின் அக்கா, பெயர் தெரியவில்லை." "சமையல்காரர், பெயர் தெரியவில்லை."

மாரியம்மா இல்லை.

மறுபடி முதலிலிருந்து படித்தேன். சுவரின் மூலைக்குப் போய், கண்ணாடியில் வெளிச்சம் அடித்த அட்டைகளைக் கையால் மறைத்துப் படித்தேன். இல்லை. அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் விரலையே பார்த்துக்கொண்டு வந்தார். அது எந்த அட்டையில் நிற்கும் என்று.

"இல்லக்கா" என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன்க்கா."

அக்கா சுவரை ஒரு முறை தானாகப் பார்த்தார். ஒவ்வொரு பெண் முகத்திலும் கொஞ்சம் நின்று, நகர்ந்து, நின்று... "இதுல யாரா வேணா இருக்கலாம்ல தம்பி? எனக்குத்தான் தெரியல. பெத்தவ மூஞ்சிய அடையாளம் தெரியாதவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்" என்றார். சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. பின்பக்க வராந்தாவுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். எலுமிச்சை சாதமும், தொட்டுக்கொள்ள பலச்சாங் என்கிற இறால் பொடியும் கொண்டுவந்த டப்பாவை அவர் திறக்கவே இல்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. மியூசியத்தைப் பார்த்துக்கொள்ளும் மா தீரியிடம் போனேன். முப்பது வயது இருக்கும். (பர்மியப் பெயர்களின் தலையில் ஒரு மரியாதை உட்கார்ந்திருக்கும் என்பது இங்கிருப்பவர்களுக்குத் தெரியும். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: இளம்பெண் என்றால் "மா", வயதில் பெரியவர் என்றால் "டோ".) நான் அவரை டீச்சரம்மா என்கிற மாதிரி "சயாமா" என்று கூப்பிட்டேன். வேறு போட்டோக்கள் உள்ளே இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்கறது எல்லாம் சுவர்லதான்" என்றார் அவர் பர்மிய மொழியில். "அதுவும் அடுத்த வாரம் வரைக்கும்தான். பக்கத்துக் கிராமத்துல ஒரு கட்டு போட்டோ குடுத்திருக்காங்க. இடம் பத்தல. பேர் தெரியாத படங்களை எடுத்துப் பெட்டியில வெச்சுடலாம்னு எங்க குழு முடிவு பண்ணிடுச்சு."

"பெட்டியிலயா?"

"எனக்கும் இஷ்டமில்ல. முக்கியமா அந்தப் படம்." அவர் கை காட்டினார்.

முறத்தோடு ஒரு பெண். புடைத்த நெல் காற்றில் நிற்கிறது. அவள் எதற்கோ பக்கவாட்டில் திரும்பிச் சிரிக்கிறாள். அத்தனை படங்களில் சிரிக்கிற முகம் அது ஒன்றுதான்.

"காலையில வந்து கதவு திறந்ததும் நான் முதல்ல பாக்கறது அவங்களத்தான். படத்துல இருக்கறவங்கள அடையாளம் சொன்னது இங்க வண்டி ஓட்டின ஒரு பெரியவர். நான் பக்கத்துல உக்காந்து எழுதிக்கிட்டேன். இப்ப அவர் உயிரோட இல்ல. இவங்களுக்கு மட்டும் பேர் சொல்லல. 'மா ரீயோட அக்கா'ன்னுதான் சொன்னார். அந்தத் தங்கச்சி மா ரீயைக் கண்டுபிடிச்சா இவங்க பேர் தெரிஞ்சுடுமேன்னு மாவ்பி முழுக்க விசாரிச்சேன். வார்டு வார்டா கேட்டேன். அப்படி ஒரு மா ரீயை யாருக்குமே தெரியல." அவர் சட்டென்று என்னைப் பார்த்தார். "உங்க கூட இவ்வளவு பேர் வந்திருக்காங்களே... கேட்டுப் பாக்கறீங்களா?"

நான் யோசிப்பதற்குள் பின்னால் கரகரவென்று மைக் ஆன் ஆகும் சத்தம். இதெல்லாம் பெருமாள் அண்ணன் காதில் விழுந்துவிட்டது. விழுந்தால் விடுவாரா?

பர்மிய மொழியில் அக்காவுக்கு "அமா". "மா ரீயுடைய அக்கா" என்று சொல்ல, பேச்சில் "உடைய" தனியாகத் தேவையில்லை. பெயரின் கடைசியை லேசாக வெட்டி நிறுத்தி, பக்கத்தில் அமா போட்டால் போதும். மா ரீ, அமா. மா தீரி அதை அழகாக நிறுத்திச் சொன்னார். ஆனால் பெருமாள் அண்ணனின் பர்மிய மொழி கடைத்தெருவில் கற்றது. எதையும் நிறுத்திச் சொல்லும் வழக்கம் அவரிடம் கிடையாது. அதுவும் கையில் மைக் இருக்கும்போது!

"எல்லாரும் இங்க கவனிங்க! இங்க யாருக்காச்சும் மாரீயமாவத் தெரியுமா? மாரீயமா! மாரீயமா!"

தேக்குச் சுவர்கள் அதை வாங்கி வீடு முழுக்கக் கொண்டுபோயின.

பின்பக்க வராந்தாவிலிருந்து பதில் வந்தது.

"யாரது, எங்கம்மாவ மைக்குல கூப்பிடறது?"

நான் அந்த அட்டையை நோக்கி ஓடினேன்.

மாரியம்மா. மா... ரீ... அமா. பெரியவர் பெயரைத்தான் சொல்லியிருக்கிறார். முழுப் பெயரை. பர்மியக் காதுக்கு அது ஒரு பெயராக விழவில்லை. தலையிலிருந்த "மா" மரியாதையாகிவிட்டது, வாலிலிருந்த "அம்மா" அக்காவாகிவிட்டது, நடுவில் மிஞ்சிய "ரீ" ஒரு தங்கையாகிவிட்டது! அந்த அட்டையை நான் எத்தனை தடவை படித்தேன்? ஒவ்வொரு தடவையும் பர்மிய எழுத்தைப் பர்மிய மொழியாகவே படித்தேன். தமிழ் அதற்குள் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

மா தீரிக்கு விளக்கிச் சொன்னேன். "மாரியம்மா, ஒரே பேர் சயாமா. எங்க சாமி பேர்." அவர் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிரித்துச் சொன்னார். சேர்த்துச் சொன்னார். பிறகு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இல்லாத தங்கச்சியையா நான் ஊர் ஊராத் தேடினேன்?"

"எல்லாம் அந்த 'அம்மா'ங்கற வார்த்தை பண்ற வேலை சயாமா. முனியம்மா, காளியம்மா, ராக்கம்மா... எங்காளுங்க பேர்ல பாதிக்கு அம்மாதான். உங்க காதுக்கு எல்லாருமே யாரோ ஒருத்தரோட அக்கா."

அதற்குள் வள்ளியக்கா வந்துவிட்டார். படத்துக்கு எதிரில் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். முதலில் அவர் முகத்தில் வந்தது சந்தோஷம் இல்லை. பயம்.

"தம்பி... ஊருக்குப் பத்து மாரியம்மா உண்டே. இது எங்கம்மாதானா? வேற யாரோ பெத்தவளப் பாத்து நான் அழுதுடக் கூடாது பாரு."

நியாயமான கேள்வி. மா தீரிக்கும் அதுதான் கேள்வி. "நான் ஒரு தடவை தப்பா எழுதிட்டேன். இன்னொரு தடவை எழுதக் கூடாது" என்றார். "அவங்க அம்மாவப் பத்தி வேற ஏதாவது தெரியுமான்னு கேளுங்க. உயரம், மச்சம்... எதுவா இருந்தாலும்."

அக்கா யோசித்தார். "எனக்கு என்ன தெரியும்... சித்தி சொன்னதுதான். என்னைத் திட்டறப்பல்லாம் ஒண்ணே ஒண்ணு சொல்லும் — 'பொறந்த கையோட ஆத்தா காத அறுத்தவதானடி நீ!' நான் கைப்புள்ளையா இருக்கறப்ப அம்மா தோட்டைப் புடிச்சு இழுத்துட்டேனாம். காது ரெண்டாக் கிழிஞ்சு போச்சாம். அப்புறம் அந்தக் காதுல அவங்க எதுவும் போடலயாம்."

"எந்தக் காது?"

"அது தெரியலையே!"

படத்திலிருந்த பெண் திரும்பிச் சிரித்ததில் ஒரு காதுதான் தெரிந்தது. சுவரிலிருந்த பிரதியில் அது ஒரு புள்ளி. மா தீரி உள்ளே ஓடிப்போய் லேப்டாப்பை எடுத்து வந்தார். பேட்டரி முடியும் நிலையில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. "தாங்கும், தாங்கும்" என்று அதையே தட்டிக்கொடுத்தார். படத்தைத் திறந்தார். பெரிதாக்கினார். முறம் போனது, நெல் போனது, தோள் போனது... கன்னத்துத் தனக்கா திட்டாகத் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் காது.

கீழ்ச்சோணை இரண்டாகப் பிளந்திருந்தது. ஆறிப்போன பிளவு. தோடு இல்லை.

பெருமாள் அண்ணன் மைக்கை அணைத்தார் — அது ஒரு வரலாற்று நிகழ்ச்சி என்று எங்கள் வார்டுக்காரர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

வள்ளியக்கா கை நீட்டி ஸ்கிரீனில் அந்த இடத்தைத் தொட்டார். ஸ்கிரீன் தொட்டால் நகரும் ரகம். படம் நகர்ந்து, காது ஓரமாகப் போய், அம்மாவின் கண்ணும் சிரிப்பும் நடுவில் வந்து நின்றன.

"வலிச்சிருக்கும்ல..." என்றார் அக்கா படத்தைப் பார்த்து. "நான்தாம்மா. வள்ளி."

அப்போதுதான் பேட்டரி தீர்ந்து ஸ்கிரீன் அணைந்தது. மா தீரி பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். அக்கா நிதானமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாபாதே, யாபாதே" — பரவாயில்லை, பரவாயில்லை — என்றார். "அதான் பாத்துட்டேனே. சுவத்துல வேற இருக்காங்க, எங்க போயிடப் போறாங்க?"

எங்கும் போகவில்லை. பெட்டிக்கும் போகவில்லை. மா தீரி அந்த இடத்திலேயே பழைய அட்டையை உருவி எடுத்தார். கரண்ட் வந்து பிரிண்டர் ஓடும்வரை காத்திருக்க அவருக்குப் பொறுமையில்லை. புது அட்டையும் பேனாவும் கொண்டுவந்து, "இந்தத் தடவை மூணு மொழியில போடலாம். தமிழ்ல நீங்க எழுதுங்க" என்று என்னிடம் நீட்டினார். நான் என்னென்னவோ எழுதியிருக்கிறேன். வாரா வாரம் இந்தப் பத்தியை எழுதுகிறேன். ஆனால் "மாரியம்மா" என்ற ஐந்து எழுத்தை எழுத அன்றைக்கு எனக்கு ஒரு பத்தி எழுதும் நேரம் ஆனது.

பர்மிய வரியில்தான் சிக்கல். சாதாரணமாக எழுதினால் மறுபடியும் யாராவது மா, ரீ, அமா என்று பிரித்துப் படித்துவிட்டால்? மா தீரி பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தார். சட்டென்று முகம் மலர்ந்தது.

"தம்மாவுக்கு எழுதற மாதிரி எழுதிடலாம்!"

தம்மம் — புத்தரின் தம்மம். பர்மிய எழுத்தில் அந்தச் சொல்லில் இரண்டு "ம" வரும்போது பக்கத்தில் பக்கத்தில் எழுத மாட்டார்கள். ஒரு "ம"வுக்கு அடியில் இன்னொரு "ம"வை உட்கார வைப்பார்கள். மேலே ஒன்று, மடியில் ஒன்று. "இப்படிக் கட்டிட்டா அப்புறம் யாராலயும் பிரிக்க முடியாது" என்று சொல்லிக்கொண்டே அவர் எழுதினார். மாரிய, அப்புறம் அந்த இரட்டை ம. நான் அக்காவுக்கு விரல் வைத்துக் காட்டினேன். அக்காவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு எழுத்தையும் ரொம்ப நேரம் பார்த்தார்.

வேலை முடியவில்லை. மா தீரி பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார். "பேருக்கு முன்னால மரியாதை போடணுமே! படத்துல சின்ன வயசா இருக்காங்க... முறைப்படி 'மா' போடட்டுமா?"

"வேண்டாம்!" நானும் பெருமாள் அண்ணனும் ஒரே குரலில். "இன்னொரு தங்கச்சி பொறந்துடுவா!"

மா தீரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வள்ளியக்காவுக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் அம்மாவின் படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தப் படத்துல எங்கம்மாவுக்கு என் சின்னப் பொண்ணு வயசுதான் இருக்கும். டோ வாங்கற வயசு வரைக்கும் அவங்க இருக்கவே இல்லையே தம்பி. களத்துல யாரு இவங்களுக்கு மரியாதை போட்டுக் கூப்பிட்டிருப்பாங்க? 'ஏய்'தான்."

பிறகு, சந்தையில் மாவு தீர்வதற்குள் வரிசையை விரட்டுவாரே, அந்தக் குரலில் மா தீரியைப் பார்த்துச் சொன்னார்:

"நீ டோ போடு பொண்ணு. அவங்க இல்லாட்டி என்ன, நான் வாழ்ந்து அந்த வயசுக்கு வந்துட்டேன்ல."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை. மா தீரி "டோ" என்று எழுதினார் — பெயரைவிட அது கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது. யாரும் திருத்தச் சொல்லவில்லை.